வினாவுவோரும் விடை கூறுவோரும்

நன்னூலார் வினாவை அறுவகையாகவும் விடையை எண்வகையாகவும் வகுத்துக் கூறினார். மேல்வகுப்பு மாணாக்கர் பலர் பரீட்சையின் பொருட்டு அவற்றை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்து விடுவர். தான் அறிந்த பொருளைப் பிறன் அறிவானோ என்று சோதிக்கும் ஆசிரியன் கேட்பது அறிவினா. அறியாதான் அறிதற்பொருட்டுக் கேட்பது அறியாவினா. வரம்பில் கிடப்பது கயிறோ பாம்போ என்று துணியமாட்டாதான் கேட்பது ஐயவினா. வணிகனை நோக்கி நல்லெண்ணெய் உண்டோ என்பது கொளல்வினா. மாற்றுடையில்லாச் சிறுவனை நோக்கி உனக்குச் சட்டை உண்டோ என்பது கொடைவினா. விளக்கு வைத்த பின்னும் விளையாடும் பிள்ளையைத் தாய் நோக்கி இன்னும் புத்தகம் எடுக்கவில்லையோ என்பது ஏவல்வினா. பல நூற்றாண்டுப் பழமையுடைய இப்பாகுபாடு, இக்காலத்துப் புதிய ஏற்பாடொன்று ஏன் வளர்ந்தது, ஏன் தளர்கின்றது, இனி என்னாகும் என்பவற்றை ஆராய்வதற்கும் உதவுகின்றது.

அவ்வேற்பாடு இணையவழி வினாவிடைக் குழுமம் எனப்படுவது. ஒருவர் தம் ஐயத்தை எழுதி வைக்கின்றார். அவரை முன்பின் அறியாத ஒருவர், கடல் கடந்த நாட்டில் இருப்பவராயினும், ஊதியம் ஒன்றும் பெறாது விடை எழுதுகின்றார். வேறு பலர் அவ்விடையைப் படித்து நன்றென்றும் தீதென்றும் வாக்களிக்கின்றனர். பிழை கண்டோர் திருத்துகின்றனர். வினாவும் விடையும் அழியாது கிடந்து, அதே ஐயத்தோடு பத்தாண்டின் பின் வருபவனுக்கும் பயன்படுகின்றன. 2022 ஆம் ஆண்டின் இறுதியில், கேட்டவுடன் விடை எழுதும் செயற்கை நுண்ணறிவுப் பொறி பொதுமக்கள் கைக்கு வந்தது. அதன் பின்னர் இத்தகைய குழுமங்களுட் சிலவற்றில் வினாவுவோர் தொகை சடுதியாகக் குறைந்துவிட்டது. பொறி இருக்க மனிதரைக் கேட்பானேன் என்பது இளைஞர் பலரின் கூற்று. அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

யாழ்ப்பாணத்தார்க்கு வினாவிடை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஆறுமுக நாவலர் (1822–1879) இயற்றிய சைவ வினாவிடை. கிறித்தவ மிசனரிமார் தம் சமயத்தைப் பிள்ளைகளுக்குப் புகட்டுதற்கு வினாவிடை நூல்களைக் கையாண்டனர். வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே கற்று அங்கேயே கற்பித்தவராகிய நாவலர் அம்முறையின் ஆற்றலை அருகிருந்து கண்டவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், அக்கருவியைத் தம் சமயத்துக்கும் உரியதாக்கிக் கொண்டார். அந்நூலிலே கேட்பவரும் அவரே, விடுப்பவரும் அவரே. ஐயம் எழுவதற்கு முன்னரே விடை ஆயத்தமாக இருக்கும். சிறுவர்க்கு அது வேண்டியதே. ஆயினும் அதனைக் குழுமம் என்று கூறுதல் பொருந்தாது.

சைவசித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் உண்மை விளக்கமும் வினாவெண்பாவும் வேறு வகையின. முன்னதில் மாணாக்கராகிய மனவாசகங் கடந்தார் வினவ, ஆசிரியராகிய மெய்கண்டார் விடை அருளுகின்றார். பின்னதில் உமாபதி சிவாசாரியார் தம் ஆசிரியரை நோக்கி வினாக்களை அடுக்கிச் செல்கின்றார். விடையைக் கற்போன் தேடிக்கொள்ள வேண்டும். வினாவை எழுதி வைப்பதும் அறிவுக்குச் செய்யும் தொண்டாகும் என்று அக்காலத்தார் கருதினர் என்பது இதனாற் புலப்படும். இக்கருத்து பின்னரும் வேண்டப்படும்.

குடாநாட்டில் உண்மையான குழுமம் இருந்த இடங்கள் இரண்டு. ஒன்று கோயிற் புராணபடனம். கந்தபுராணச் செய்யுளை ஒருவர் பண்ணோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். சபையிலே கற்றோர் இருந்தால் பயன் சொல்பவர்க்கு வியர்க்கும். ஒரு சொல்லுக்கு அவர் கூறிய பொருளைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மறுப்பார். வேறொருவர் இலக்கணங் காட்டி இருவரையும் இணக்குவார். மற்றது ஊர் வாசிகசாலை. ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். சூழ இருப்போர் இடைமறித்துக் கேட்பர். கொழும்பிலே உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர் ஒருவர் விடை கூற, அவ்விடையைத் தோட்டக்காரர் ஒருவர் தம் அனுபவங் கொண்டு தகர்ப்பார். இவ்விரண்டிடத்தும் விடைக்குத் தடை உண்டு. தடைக்கு மீண்டும் விடை உண்டு. குறை யாதெனின், அவை காற்றோடு போயின. எழுதி வைத்தார் இலர்.

எழுதி வைக்கும் குறையை அச்சு நிரப்பிற்று. 1691 ஆம் ஆண்டில் ஜோன் டன்ரன் என்னும் புத்தக வியாபாரி இலண்டனிலே, வாசகர் தம் பெயர் கூறாது கேட்கும் வினாக்களுக்கு விடை கூறும் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். அதீனியன் மெர்க்குரி என்பது அதன் பெயர். அறிஞர் பலர் கூடிய சபையொன்று விடை தருவதாக அப்பத்திரிகை காட்டிக் கொண்டது. உண்மையில் விடை எழுதியோர் மூவர் நால்வரே. அவருள் ஒருவர் கணிதம் வல்லவர், ஒருவர் சமயகுரு. ஆன்மாவின் இயல்பு முதலாக இல்லறச் சச்சரவு ஈறாக எல்லாவற்றுக்கும் அவர்கள் விடை எழுதினர். 1697 அளவில் அது நின்றுபோயிற்று. 1849 இல் வில்லியம் ஜோன் தோம்ஸ் என்பார் தொடங்கிய குறிப்புகளும் வினாக்களும் என்னும் சஞ்சிகை வேறொரு வழியிற் சென்றது. அதிலே வாசகரின் வினாவுக்கு வாசகரே விடை எழுதினர். ஆசிரியர் நடுவில் நின்று ஒழுங்கு செய்தார். அச்சஞ்சிகை இன்றும் வெளிவருகின்றது. அதன் சாயலில் இலங்கைக்கென ஆங்கிலத்தில் மாதாந்த இலக்கியப் பதிவேடும் குறிப்பு வினாக்களும் என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு சஞ்சிகை கொழும்பிலிருந்து 1893 முதல் சில ஆண்டுகள் வெளிவந்தது. ஆறாண்டில் மறைந்ததையும் நூற்றெழுபது ஆண்டைக் கடந்ததையும் ஒப்பு நோக்கினால் ஓர் உண்மை தோன்றும். விடை கூறும் உரிமை சிலர் கையில் இருந்தது முன்னது. வாசகர் அனைவர்க்கும் பொதுவாயிருந்தது பின்னது.

தமிழ்ப் பத்திரிகைகளோ பெரும்பாலும் முன்னதன் வழியையே பின்பற்றின. கேள்வி பதிற் பகுதி இல்லாத வாரப்பத்திரிகையைக் காண்டல் அரிது. எழுத்தாளர் சுஜாதா ஜூனியர் விகடனில் ஏன் எதற்கு எப்படி என்னும் தலைப்பில் அறிவியல் ஐயங்களைத் தீர்த்தமை பலர்க்கு நினைவிருக்கும். அது சிறந்த பணி. ஆயினும் அங்கே விடுப்பவர் ஒருவர். வாசகர் கேட்பதோடு அமைவர்.

இணையம் வந்தபோது பலர் பல முறைகளை முயன்றனர். கூகிள் நிறுவனம் 2002 இல் பணங்கொடுத்து விடை பெறும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. கேட்பவர் விலை குறிப்பார். தெரிந்தெடுக்கப்பட்ட ஆய்வாளர் விடை எழுதிப் பங்கு பெறுவார். கொளல்வினாவும் கொடைவினாவும் அங்கே கடைத்தெருவிற் போலச் சந்தித்தன. 2006 இல் அது மூடப்பட்டது. யாஹூ நிறுவனம் 2005 இல் தொடங்கிய வினாவிடைத் தளத்தில் எவரும் எதையும் கேட்கலாம், எவரும் எப்படியும் விடை கூறலாம். கூட்டம் திரண்டது, சந்தை இரைச்சலும் உடன் திரண்டது. தரம் பிரிப்பார் குறைந்தமையால் நெல்லும் பதரும் ஒன்றாய்க் கிடந்தன. அது 2021 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆந் திகதி நிறுத்தப்பட்டது.

இவற்றிடையே 2008 இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் இருவர் கணினி நிரலாளர்க்கெனத் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் குழுமமே இவ்வேற்பாட்டின் உச்சநிலையாகும். அதன் அமைப்பு கருதத்தக்கது. ஒருவர் எழுதிய விடையைப் பிறர் நன்றென்று ஏற்கும்போது அவர்க்கு 10 புள்ளி. வினாவியவரே இவ்விடை என் ஐயத்தைத் தீர்த்தது என்று குறித்தால் 15 புள்ளி. தீதென்ற வாக்கு விழுந்தால் 2 புள்ளி குறையும். பிறர் விடையைத் தீதென்று கூறுபவரும் தம் புள்ளியில் ஒன்றை இழப்பார்; ஆதலின் காரணமின்றிக் குறை கூறுவார் அருகினர். 15 புள்ளி பெற்றவர்க்கே பிறர் எழுதியதை நன்றென்று ஏற்கும் உரிமை. 2000 பெற்றவர் பிறர் எழுத்தைத் திருத்தலாம். 3000 பெற்றவர் தகாத வினாவை மூடுதற்கு வாக்களிக்கலாம். அஃதாவது, ஆட்சியுரிமை உழைப்பின் வழியே படிப்படியாகக் கிடைத்தது. இங்ஙனம் இரண்டு கோடிக்கு மேற்பட்ட வினாக்கள் திரண்டன. எழுதப்பட்டவை யாவும், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் எடுத்தாளலாம் என்னும் பொதுவுரிமத்தின் கீழ் வைக்கப்பட்டன. அதே அமைப்பில் வேறு துறைகளுக்கும் குழுமங்கள் எழுந்தன. இந்துமதத்துக்கென ஒன்று 2014 முதல் நடைபெறுகின்றது. ஆதாரநூல் காட்டாத விடை அங்கே ஏற்கப்படாது. அது ஆங்கிலத்தில் நிகழ்வது.

ஊதியமில்லாத இவ்வேலையை இத்துணைப் பேர் ஏன் செய்தனர்? புகழாசை ஒரு காரணம். முன்னர்த் தாம் பெற்ற விடைக்குக் கைம்மாறு செய்யும் எண்ணம் மற்றொன்று. ஆழ்ந்த காரணத்தை நன்னூற் பாயிரத்திலே காணலாம். ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் எவ்வளவு நன்றாக மனங்கொண்டாலும் அவன் பெறுவது புலமையிற் காற்கூறு மாத்திரமே. உடன் கற்பாரோடு பயிலும்போது மற்றொரு காற்கூறு சேரும். எஞ்சிய அரைக்கூறு, தான் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அந்நூலின் கணக்கு. ஆசிரியத் தொழில் செய்வார்க்கு இக்கணக்கின் உண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதலாம் ஆண்டிற் கற்பித்த பாடம் ஐந்தாம் ஆண்டிலேதான் கற்பித்தவர்க்கே விளங்கிற்று என்பது அத்தொழிலில் உள்ளார் பலரின் அனுபவம். வினாவிடைக் குழுமத்தில் மிகுதியாகப் பெறுபவர் விடை கூறுபவரே. கேட்டவர் ஒரு காற்கூறு கொண்டு செல்வார். விடுத்தவரோ அரைக்கூறு பெற்று எழுவார். உடனிருந்து தடையும் திருத்தமும் கூறுவார் இடைப்பட்ட காற்கூற்றைப் பகிர்ந்து கொள்வர்.

இக்கணக்கை மனத்திற் கொண்டு பொறியின் வரவை நோக்க வேண்டும். 2022 நவம்பர் 30 ஆந் திகதி சாட்ஜிபிடி வெளிவந்தது. மனிதர் எழுதிக் குவித்த எழுத்தனைத்தையும் ஊன்றிப் பயின்று, ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் இயல்பு என்பதைக் கணித்துக் கணித்து விடையைத் தொடுப்பது அப்பொறியின் செயன்முறை. அது பயின்ற எழுத்துகளுள் வினாவிடைக் குழுமங்களின் எழுத்தும் அடங்கும். வந்த சில நாட்களுள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, பொறி எழுதிய விடைகளைத் தன்னிடத்தே இடுதலைத் தடை செய்தது. விடைகள் பார்வைக்குச் செவ்விதாய், உள்ளே பிழையுடையனவாய் இருந்தமையே காரணம். ஆயினும் வினாவுவோர் வெளியேறுவதைத் தடுக்க முடியவில்லை. செழித்திருந்த காலத்தில் மாதந்தோறும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் புதிய வினாக்கள் வந்த இடத்தில், 2025 இல் அதிற் பத்திலொரு பங்கும் வரவில்லை.

பழி முழுவதையும் பொறியின் தலையிற் சுமத்துதல் நேர்மையாகாது. வீழ்ச்சி அதற்கு முன்னரே மெல்லத் தொடங்கியிருந்தது. புதிதாய் வந்த மாணவன் ஒருவன் நடுங்கிக்கொண்டு கேட்ட வினாவை, இது முன்னரே கேட்கப்பட்டது என்று கூறி மூடிவிடும் வழக்கம் அங்கே மிகுந்தது. நன்னூலார் எண்வகை விடைகளுள் ஏவலையும் வினாவெதிர் வினாதலையும் சேர்த்தார். ஏன் நீயே தேடிப் பார்க்கவில்லை என்று திருப்பிக் கேட்பது இவ்விரண்டும் கலந்ததொரு விடை. பொறி எவரையும் ஏசுவதில்லை; நூறாவது முறை கேட்டாலும் முகஞ் சுளிப்பதில்லை. வகுப்பிலே கையுயர்த்தக் கூசும் பிள்ளைகள் இரவிலே கைத்தொலைபேசியிற் பொறியைக் கேட்கின்றனர் என்றால், அதில் ஆசிரியர் சிந்திக்க வேண்டியதும் உண்டு.

2024 மே மாதத்தில் அக்குழுமத்தை நடத்தும் நிறுவனம், சாட்ஜிபிடியை ஆக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பல்லாண்டுகளாய் ஊதியமின்றி எழுதியோர் சிலர் வெகுண்டு தம் விடைகளை அழித்தனர். நிறுவனம் அவ்விடைகளை மீட்டு, அழித்தவர்களைச் சில நாள் விலக்கி வைத்தது. சட்டப்படி நிறுவனத்தின் செயல் சரியாகலாம். கோயில் மடத்துக்குத் தானமாய்க் கொடுத்த அண்டாவை மடத்துத் தருமகர்த்தா வாடகைக்கு விட்டாற் கொடுத்தவன் மனம் என்ன பாடுபடுமோ, அப்பாடே இதுவும்.

இனி வருங்காலத்தை அனுமானித்தற்கு அறுவகை வினாவை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அறியாவினா பெரும்பாலும் பொறியின் வசமாகிவிட்டது. அது திரும்பி வரப்போவதில்லை. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியை ஆயிரம் பேர் ஆயிரம் முறை விளக்கிவிட்டனர். ஆயிரத்தோராவது முறையைப் பொறி செய்வதால் எவர்க்கும் இழப்பில்லை. ஏவல்வினாவும் கொளல்வினாவும் அவ்வாறே அதன்பாற் செல்லும். ஐயவினா அங்ஙனஞ் செல்லாது. மாறாக அது பெருகும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2025 இல் நடத்திய கருத்துக்கணிப்பில், விடை கூறியோருள் நூற்றுக்கு 84 பேர் இத்தகைய பொறிகளைப் பயன்படுத்துகின்றனர் அல்லது பயன்படுத்தக் கருதியுள்ளனர். நூற்றுக்கு 46 பேர் அவற்றின் விடை சரியென்று நம்பவில்லை. பயன்படுத்துவோரிலேயே பலர் நம்பாதோர் என்பது இதனால் விளங்கும். பொறி இவ்வாறு கூறுகின்றது, இது மெய்யோ பொய்யோ என்பது வருங்காலத்தின் முதன்மையான ஐயவினாவாகும். அதற்குப் பொறியையே மீண்டும் கேட்பது, சாட்சியையே நீதிபதியாக இருத்துவது போலும்.

மற்றொன்றும் உண்டு. எண்வகை விடையுள் அறியேன் என்பது ஒன்றாக எண்ணப்படவில்லை. மனிதர் கூடிய குழுமத்தில் அதற்கு வேறு வடிவம் உண்டு, அது மௌனம். விடையின்றிக் கிடக்கும் வினா, இவ்விடத்தில் மனித அறிவு இன்னும் எட்டவில்லை என்பதை எல்லார்க்கும் காட்டிக்கொண்டு நிற்கும். ஓராண்டின் பின் ஒருவர் வந்து விடை எழுதலாம். அவ்வினாவே ஒருவர்க்கு ஆராய்ச்சிப் பொருளாகலாம். பொறிக்கு மௌனம் இயல்பன்று. அறியாததையும் அறிந்ததன் சாயலிலே கூறிவிடும். அன்றியும், அதனிடம் கேட்ட வினா கேட்டவனுக்கும் பொறிக்கும் இடையில் மறைந்து போகும். ஒரே நாளில் குடாநாட்டில் நூறு பேர் ஒரே ஐயத்தால் வருந்தினாலும், தம்மைப் போல் தொண்ணூற்றொன்பது பேர் உளர் என்பதை ஒருவரும் அறியார்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணக் கிணறுகளை உதாரணமாகக் கொள்ளலாம். குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வழியே இறங்கி, கீழுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். அளவுக்கு மிஞ்சி உரமிட்டால் நைத்திரேற்று நீரோடு கலக்கும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்துள்ளது என்னும் முறைப்பாடு பெரிதாய் எழுந்தது. குடிக்கலாமா, குழந்தையைக் குளிப்பாட்டலாமா, தோட்டத்துக்கு இறைக்கலாமா என்று மக்கள் கேட்டனர். அறிஞரிடையேயும் கருத்து வேறுபட்டது. அவ்வினாவுக்கு விடை எந்தப் பழைய நூலிலும் இருக்கவில்லை. கிணற்றடியில் நீர் அள்ளியவரின் கண்ணும் மூக்கும், பரிசோதனைச் சாலையின் அளவீடும், எக்கிணற்றில் எம்மாதத்தில் எவ்வாறு இருந்தது என்ற அயலவரின் நினைவும் ஒன்றுகூடினாலன்றி விடை பிறக்க வழியில்லை. இத்தகைய வினா இனியும் எழும். முன்னர் எழுதப்பட்டதை மாத்திரம் பயின்ற பொறி, முதன்முறையாக நிகழ்வதற்கு விடை கூறுமாறு எங்ஙனம்?

பெரிய மொழிகளைக் காட்டிலும் தமிழுக்கு இவ்வாபத்து மிகுதி. ஆங்கிலத்திலே பொறி பயில்வதற்கு மலையளவு எழுத்து முன்னரே உண்டு. குழுமங்கள் நாளையே மூடினாலும் அம்மலையைத் தோண்டிச் சில காலம் வாழலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017 இல் ஓர் இலட்சத்தை எட்டியது. தமிழ் வினாவிடைக்கென ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கிளை அமைக்கவில்லை. போர்த்துக்கேயம், உருசியம், ஸ்பானியம், யப்பானியம் ஆகியவற்றுக்கே அமைத்தது. கோரா என்னும் தளத்தின் தமிழ்ப் பிரிவிலே ஈழத்தவரும் தமிழகத்தாரும் புலம்பெயர்ந்தோரும் பலவற்றைக் கேட்டும் விடுத்தும் வந்துள்ளனர். அங்கே நல்ல விடைகள் உள. வெறும் பொழுதுபோக்கும் உண்டு. ஆயின் அவை தனியார் நிறுவனமொன்றின் வீட்டில் வைத்த பொருள். ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் உள்ள வேறுபாடு, வாடைக்காற்றும் சோளகமும் மாறும் பருவத்தில் தொழிலாளி கடலைக் கணிக்கும் முறை, வெங்காயத்தை எம்மண்ணில் எப்போது நடுவது என்னும் நுட்பம் என்பன எங்கேனும் எழுதப்பட்டாலன்றிப் பொறி அறியமாட்டாது. அவற்றை அறிந்தோர் எழுதுவது பெரும்பாலும் ஒருவர் கேட்டபோதுதான். கேட்பார் இலராயின் எழுதுவார் இலர். எழுதுவார் இலராயின் பொறிக்கும் உணவில்லை. இன்று பொறி கூறும் தமிழ் விடைகளிற் பல ஆங்கில விடைக்குத் தமிழாடை உடுத்தியவை போல் தோன்றுவதற்கும் இதுவே காரணமெனலாம்.

சேமிப்பைப் பற்றிய கேள்வியும் இதனோடு ஒட்டியது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை அறிந்த சமூகத்தார், யாஹூ தளம் மூடப்பட்ட செய்தியைப் பிறரைப் போல் எளிதாய்க் கடந்து செல்ல இயலாது. இரண்டும் ஒன்றல்ல, முன்னது கொடுமை, பின்னது வணிகக் கணக்கு. எனினும் பதினைந்தாண்டு மக்கள் எழுதியது ஓர் அறிவித்தலோடு பொதுவிடத்திலிருந்து மறைந்தது. தன்னார்வத் தொண்டர் சிலர் இயன்ற அளவு படியெடுத்து வைத்தமையாற் சில தப்பின. ஈழத்தார் 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் முதலிய இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களைச் சேர்த்து எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்துள்ளது. அச்சேறியதற்கு இவ்வாறு ஒரு காப்பிடம் உண்டு. கேட்டதற்கும் விடுத்ததற்கும் அத்தகைய காப்பிடம் தமிழில் இன்னும் அமையவில்லை.

ஆதலின் வருங்காலத்து வினாவிடைக் குழுமம் உலகம் முழுவதற்கும் பொதுவான பெருஞ்சந்தையாக இராது என்று கருதுதற்கு இடமுண்டு. சந்தைக்குரிய சரக்கைப் பொறி கொண்டு சென்றுவிட்டது. எஞ்சுவது சிறிய சபை. அங்கே வருபவர் தொகை குறைவு, வினாக்கள் கடினமானவை, விடுப்பவர் பெயர் தெரிந்திருக்கும். அப்பெயருக்கு மதிப்பு இன்றிருப்பதிலும் கூடும். பொறி எழுதியதன்று, இன்னார் கண்டு எழுதியது என்பதே விடைக்குச் சான்றாகும். விடை கூறுவோர்க்கு நிறுவனங்கள் பணங்கொடுக்கத் தொடங்கவுங் கூடும். கூகிள் செய்த பழைய முயற்சி நான்காண்டில் முடிந்ததை நினைக்கும்போது அவ்வழியில் நம்பிக்கை வைத்தல் அரிது. தமிழ் விக்கிப்பீடியாவிலே பொதுவான உரையாடல் நடைபெறும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயரிட்டுள்ளனர். ஒத்தாசைப் பக்கம் என்றும் ஒன்று உண்டு. அங்கே எழுதப்படும் ஒவ்வொரு கூற்றும் எழுதியவர் ஒப்பத்தோடும் திகதியோடும் நிற்கின்றது. பழையனவற்றைப் புரட்டிப் பார்க்கவும் வசதி உண்டு. இவ்வளவும் ஒரு நிறுவனத்தின் இலாபத்துக்காக நடைபெறுவதன்று.

சிறிய சபைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்கலாம். அதீனியன் மெர்க்குரியை மூவர் நால்வர் நடத்தினர். குடாநாட்டுக் கிணற்று நீரை மாத்திரம் பொருளாகக் கொண்டு ஒரு வினாவிடைக் குழுமம் தொடங்குவதாயின், கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திற் கற்றவர் ஒருவர், கிணறு வெட்டித் தழும்பேறிய கையுடையவர் ஒருவர், உயர்தர வகுப்புக்கு இரசாயனங் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், ஒவ்வொரு கோடையிலும் நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதி வைக்கும் புவியியல் மாணவர் ஒருவர் என நால்வர் தொடக்கத்துக்குப் போதும். ஆவணி மாதத்தில் நீர் உவர்க்கத் தொடங்கிற்று, இறைப்பைக் குறைப்பதா கிணற்றை ஆழமாக்குவதா என்று அச்சுவேலித் தோட்டக்காரர் ஒருவர் கேட்பார். நால்வரும் நான்கு விடை கூறுவர். இறைத்துப் பார்த்து, எவ்விடை பலித்தது என்பதை அடுத்த ஆவணியில் அவரே வந்து அதன் கீழே எழுதுவார்.